பெரட்டு மரத்தை நாமே அறுத்தோம்



கோயில் மரத்தை என்ன செஞ்சீங்க, யாருக்கு வித்தீங்க, எவ்வளவுக்கு வித்தீங்கன்னு மூணு மாசமா கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. சிலர் நேரா கேட்டாங்க. சிலர் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டாங்க. மரத்தை விற்கவில்லை. விறகுக்குப் போன சின்னக் கிளைகளைத் தவிர ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டிப் போகவில்லை. எல்லாம் 41 பலகையாக, கோயில் பின்கொட்டகையில் அடுக்கி வச்சுக் காயுது. எப்படி அறுத்தோம், உள்ளே என்ன இருந்தது, ஏன் நாமே அறுத்தோம்னு எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டுப் படிங்க.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு விளக்கம். நம்ம கோயில் வட ஜொகூரில் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போ செம்பனையும் போய் வீடு கட்ட நிலத்தைச் சமன் பண்ணிக்கிட்டு இருக்காங்க. லயமெல்லாம் இடிச்சாச்சு. தமிழ்ப்பள்ளி பட்டணத்துக்கு மாறிப் பல வருஷம் ஆச்சு. கோயிலுக்கு 60க்கு 90 அடி மாற்று நிலம் கிடைச்சிருக்கு. அதுக்கு எத்தனை கூட்டம், எத்தனை கடிதம்னு நிர்வாகத்தில் இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும், அது தனிக்கதை. அம்மன் புது இடத்துக்குப் போகலாம். பிள்ளையார், முருகன், மதுரை வீரன் போகலாம். மணியைக் கழட்டிக் கொண்டு போகலாம். மரம் எப்படிப் போகும்?

அது தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரங்க பூக்கோல் லீமான்னு சொல்லுவாங்க, சாயந்திரம் ஐந்து மணி வாக்கில் இலையை மூடிக்கிறதால. இந்த மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம். 1876-ல் சிங்கப்பூருக்கு வந்ததாகச் சொல்றாங்க. வெள்ளைக்காரன் நிழலுக்காகச் சாலை ஓரம், தோட்டம், பங்களான்னு நட்டு வச்சான். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணியைத் தொட்டுக்கிட்டுக் கிளை நீட்டி நிற்குமே, அதே ஜாதி. நம்ம தாத்தாமாரும் கப்பல் ஏறி வந்தவங்க, மரமும் கப்பல் ஏறி வந்தது.

நம்ம மரத்தடியில் முனீஸ்வரர். ஒரு கல், ஒரு சூலம், படையலுக்குச் சுருட்டு. முனிக்கு முன்னால் இருந்த திறந்தவெளியில்தான் தோட்டக் காலத்தில் விடியக்காலைப் பெரட்டு நடந்தது. இப்போ உள்ள பிள்ளைகளுக்குப் பெரட்டுன்னா தெரியாது. இருட்டோட எழுந்து ஆளெல்லாம் வரிசையாக நிற்கணும், கிராணி செக்ரோலைப் பார்த்துப் பேர் படிப்பார், மண்டோர் யாருக்கு எந்த நிரைன்னு சொல்லுவார். அதனாலேதான் தோட்டத்து ஆளுங்க அதைப் பெரட்டு மரம்னே கூப்பிட்டாங்க.

இனி விஷயத்துக்கு வர்றேன். நிலத்தைக் காலி பண்ணணும்னு தேதி வந்ததும், ஒரு மர வியாபாரி தவ்கே வந்தார். மரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தார், கைத்தடியால் தட்டினார், 4,500 வெள்ளி தர்றேன், வெட்டுற செலவும் லோரிச் செலவும் என்னுதுன்னார். நியாயமான ஆள். நம்ம ஆளுங்களுக்கும் ஆசைதான், புதுக் கோயிலுக்குக் கடைக்கால் போடவே பணம் பத்தலை. பொருளாளர் அண்ணன் சரின்னு சொல்லிடலாம்னார். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

நான் மூவார் பக்கம் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் 29 வருஷமா இருக்கேன். எஸ்பிஎம் முடிச்சிட்டு மிஷின் ஓட்டப் போனவன், இப்போ மரம் அறுக்கிற பிரிவுக்கு மேற்பார்வையாளர். எங்ககிட்ட வர்றது முக்கால்வாசி ரப்பர் மரம். எங்க அப்பா பால் வெட்டின மரத்தை நான் பலகையாக்கறேன். ஒரு காலத்தில் பால் வத்தின ரப்பர் மரத்துக்கு மதிப்பே கிடையாது, வெட்டிப் புகைக்கூடத்தில் எரிச்சாங்க. 1980-களில்தான் மேசை நாற்காலிக்கு நல்ல மரம்னு கண்டுக்கிட்டாங்க. ஆனா அறுத்த சில நாளிலேயே போரான் மருந்து ஏத்தணும். இல்லைன்னா நீலம் பாய்ஞ்சிடும், வண்டு துளைச்சுப் பொடியாக்கிடும்.

சில ஆர்டருக்கு அமெரிக்க வால்நட் வரும். பெட்டியைத் திறந்தா சாக்லேட் நிறம், கோடு கோடாக ரேகை. விலையைக் கேட்டா கையால் தொடவே பயமா இருக்கும். அதை அறுக்கிறவங்க வீடியோவை ராத்திரியில் பார்க்கிறது என் வழக்கம், வீட்டுக்காரம்மாவுக்குச் சீரியல் மாதிரி எனக்கு அது. அங்கே வீட்டு ஓரத்தில் நிற்கிற பெரிய வால்நட் மரம் விழுந்தா பெரிய மில்லுக்காரங்க வாங்க யோசிப்பாங்க. உள்ளே ஆணி, வேலிக்கம்பி, சில சமயம் துப்பாக்கிக் குண்டுகூட இருக்கும், வாள் உடைஞ்சா நட்டம் அவங்களுக்கு. அதனால் சொந்தமாக இழுத்துக்கிட்டுப் போற சின்ன மில்லு வச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுவாங்க. அவரும் பையனுமா வந்து, இருந்த இடத்திலேயே அறுத்துக் கொடுத்துட்டுப் போவாங்க. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒண்ணு வாங்கினேன். சீனாவில் செஞ்ச பேண்ட்சா மில், செகண்ட் ஹேண்ட். பெட்ரோல் இன்ஜின், நாலு மீட்டர் தண்டவாளம். கட்டை அசையாமல் படுத்திருக்கும், வாள்தான் தண்டவாளத்து மேலே நகரும். மச்சானோட செம்பனை நிலத்தில் நிறுத்தி வச்சு, விழுந்த டுரியான் மரம், பலா மரம், ரம்புத்தான் மரம்னு ஞாயித்துக்கிழமை அறுத்துக்கிட்டு இருந்தேன்.

தூங்குமூஞ்சி மரத்தை நம்ம ஊரு வால்நட்னே சொல்லலாம். வைரம் அதே பழுப்பு, அதே கருங்கோடு. வெளிமரம் மட்டும் வெளிர் மஞ்சள். இந்தோனேசியாவிலிருந்து சுவார்னு பேர் வச்சு வருதே, ஒரே பலகையில் பத்து பேர் உட்கார்ற மேசை, அது இந்த மரம்தான். ஒரு மேசையே பல ஆயிரம் வெள்ளிக்குப் போகுது. இதைச் சொன்னதும் பொருளாளர் அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்போ நாமே அறுத்து நாமே மேசையா விப்போம் தம்பி"ன்னார். விற்க வேண்டாம்ணேன்னேன். "அப்போ எதுக்குய்யா அறுக்கணும்?"

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான். முப்பது வருஷமா அன்னதானத்துக்கு மேசை வாடகைக்கு எடுக்கிறோம். திருவிழாவுக்கு வாடகை, பங்குனி உத்திரத்துக்கு வாடகை, ஆடி வெள்ளிக்கு வாடகை. நம்ம மரத்தடியில் நிழலுக்கு உட்கார்ந்து சாப்பிட்ட சனங்க, புது இடத்தில் அந்த மரத்து மேலேயே இலை போட்டுச் சாப்பிடட்டும். அதுக்கு மேலே ஒரு விஷயம் என் மனசில் இருந்தது, அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தத் தோட்டத்தைப் பத்தி எங்கேயும் ஒரு தாள் கிடையாது. கிராணி ஆபீஸ் செக்ரோல் எல்லாம் கறையான் தின்னது பாதி, குப்பைக்குப் போனது மீதி. லயம் கிடையாது. கிணறு மூடியாச்சு. இந்த மரம் ஒண்ணுதான் மிச்சம். லோரியில் ஏறினா அது எங்கேயோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் போய் நிற்கும், அவ்வளவுதான்.

கை தூக்கச் சொன்னாங்க. ஏழுக்கு ஐந்தில் பாஸாச்சு.

வெட்டுறதுக்கு முன்னால் பயம் வேற. முனி இறங்கின மரத்தில் எவன் கை வைப்பான்? பூசாரி ஐயா நாள் பார்த்தார். முந்தின நாள் ராத்திரி முனீஸ்வரருக்குப் படையல் போட்டு, கலசத்தில் இறக்கி, பாலாலயத்தில் வச்சோம். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, இதில் குடியிருக்கிற ஜீவன்கள் எல்லாம் வேற இடம் பார்த்துக்கணும், எங்களை மன்னிக்கணும்னு கேட்டுக்கிட்டார். காலையில் வெட்டுறதுக்கு வந்தவர் சீனர், அறுபது வயசு இருக்கும். செயின்சாவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால் அவரும் தன் பையிலிருந்து மூணு ஊதுவத்தி எடுத்து மரத்தடியில் ஏத்தி வச்சுக் கும்பிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் நம்ம பெண்கள் பக்கம் இருந்த முணுமுணுப்பு நின்னு போச்சு.

இந்த மரத்துக்கு அடிமரம் குட்டை, சீக்கிரமே கிளை பிரிஞ்சிடும். அடித்துண்டு 9 அடி நீளம், 4 அடி குறுக்களவு. கிரேன் காரர் மூணு டன்னுக்குக் கிட்டே காட்டுதுன்னார். அதோட இரண்டு பெரிய கிளைத்துண்டு, இரண்டடி குறுக்களவு. வெட்டின அன்னிக்கே துண்டுகளோட இரு முனையிலும் பழைய பெயிண்ட்டைக் கெட்டியாகப் பூசிட்டோம். மரம் பலகைப் பக்கத்தைவிட முனைப் பக்கம் பல மடங்கு வேகமாகத் தண்ணி விடும். முனை முந்திக் காஞ்சா வெடிப்பு உள்ளே ஓடும்.

என் மில்லில் 30 அங்குலத்துக்கு மேலே கட்டை நுழையாது. 48 அங்குலத்தை என்ன பண்றது? நாலாகப் பிளந்தா சுலபமாக நுழையும், ஆனா அகலப் பலகை ஒண்ணுகூடக் கிடைக்காது. மரத்தோட அழகே அந்த அகலத்தில்தான் இருக்கு. கடைசியில் இரண்டையும் கலந்து செஞ்சோம். நடுவில் மட்டும் 3 அங்குல மொத்தத்தில் மூணு அகலப் பலகை, அது பெரிய செயின்சாவில். மேலேயும் கீழேயும் மிஞ்சற இரண்டு முதுகுத் துண்டையும் நெடுக்கில் பிளந்து, நாலையும் என் மில்லில் ஏத்தி 2 அங்குலப் பலகை. 

பெரிய செயின்சாவும் அஞ்சடி பாரும் அந்தச் சீனரே வாடகைக்குத் தந்தார். பாரோட இரண்டு பக்கமும் சட்டம் பூட்டி, கட்டை மேலே ஏணியை மட்டம் பார்த்துத் திருகி, அந்த ஏணி மேலே சட்டத்தை நகர்த்தி நகர்த்தி அறுக்கணும். முதல் அறுப்புக்குத்தான் ஏணி. அடுத்த அறுப்புக்கு அறுத்த முகமே ஏணி. முதல் அறுப்பு கோணினா கடைசி வரைக்கும் கோணல். செயினும் கடையில் வாங்கற சாதாச் செயின் இல்லை. மரத்தைக் குறுக்கே வெட்டற செயினோட பல் 30 டிகிரி சாய்வில் இருக்கும். நெடுக்கே அறுக்க அதைப் 10 டிகிரிக்குத் தீட்டணும், அப்பதான் முகம் வழவழன்னு வரும், இன்ஜினும் திணறாது. நம்ம இளைஞர் அணித் தம்பி ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து அரம் வச்சு ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். ஒரு அறுப்புக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. செயின்சா ஒவ்வொரு அறுப்பிலும் 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிடும். பேண்ட்சா வாள் 2 மில்லிதான். தூள் பறந்தா மூக்கு எரியும், கண்ணு எரியும். முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில் வராதீங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேன். சிலிப்பர் போட்டுக்கிட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன், கோபிச்சுக்கிட்டாங்க. காலு பத்திரமா இருக்குல்ல.

இப்போ ஆணிக் கதை.

கோயில் மரம், பெரட்டு மரம், எத்தனை பேர் எத்தனை ஆணி அடிச்சிருப்பாங்க! மெட்டல் டிடெக்டர் வச்சுத் தடவினோம். கீங் கீங்னு கத்திக்கிட்டே இருந்தது. சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, உளி வச்சுத் தோண்டி, பிடுங்கிப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். முதல் ஞாயித்துக்கிழமை ஆணி பிடுங்கினதிலேயே போச்சு. 63 ஆணி. சீரியல் லைட் கட்டின கம்பி. மின்சாரம் வந்த காலத்துப் பீங்கான் குமிழ் ஒண்ணு. தொட்டில் கட்டின வளையம் ஒண்ணு. பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவாங்களே, அந்தத் தொட்டில்.

வயசானவங்களுக்குச் செய்தி போயிருக்கு. இரண்டாவது ஞாயிறு பார்த்தா பட்டணத்திலிருந்து, மலாக்காவிலிருந்து, மகன் வீடு மகள் வீடுன்னு போயிருந்தவங்க எல்லாம் காரில் வந்து இறங்கறாங்க. நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டாங்க. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வழக்கு. இது தேர்தல் போஸ்டர் ஆணி. இல்லே, இது படம் காட்ட வந்தவன் திரை கட்டின ஆணி. ஒரு மாமா, "இது எங்கப்பா கண்ணாடி மாட்டின ஆணிடா, இங்கேதான் முடி வெட்டுவாரு"ன்னார். சரியா அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது அந்த ஆணி.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. மரத்தில் ஆணி அடிச்சா, மரம் வளர வளர ஆணி மேலே போகும்னு நினைப்பாங்க. போகாது. மரம் நுனியில்தான் உயரும், அடிமரம் பருமன்தான் ஆகும். நாலடி உயரத்தில் அடிச்ச ஆணி நூறு வருஷம் ஆனாலும் நாலடி உயரத்தில்தான் இருக்கும். மரம் அதை உள்ளே விழுங்கிடும், அவ்வளவுதான். மேலே இருக்கிறது நேத்து அடிச்சது. ஆழத்தில் இருக்கிறது அந்தக் காலத்தில் அடிச்சது. இந்த மரத்தில் வருஷ வளையம் தெளிவா விழாது, நம்ம நாட்டில் குளிர்காலம் இல்லையே, அதனால் எண்ணி வயசு சொல்ல முடியாது. ஆணிதான் கணக்கு.

டிடெக்டர் நாலஞ்சு அங்குலத்துக்கு மேலே ஆழம் பார்க்காது. மூணாவது ஞாயிறு, இரண்டாவது அகல அறுப்பு. பாதி தூரம் போயிருப்போம், உள்ளேயிருந்து கிரீச்சுன்னு சத்தம், நெருப்புப் பொறி, புகை. நிறுத்தினோம். செயினை வெளியே இழுத்தா பல்லெல்லாம் மொண்ணை. புதுச் செயின் மாத்தி, மெதுவா, நாக்கால் நக்குற மாதிரி அறுத்தோம். பழைய காலத்துப் பச்சை இரும்பு, கொஞ்சம் மெதுவானது, அதனால் அறுபட்டது. அந்தச் செயினும் போச்சு. இரண்டு செயின் நட்டம். சீனர் கணக்கில் சேர்க்கவில்லை, நாங்கதான் வற்புறுத்திக் கொடுத்தோம்.

முதுகுத் துண்டைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கினதும், நடுப்பலகை முகத்தில் இரும்பு பளபளன்னு ஐந்து காசு அகலத்தில் தெரிஞ்சது. அதைச் சுத்தி ஒரு முழம் நீளத்துக்கு மரம் கறுத்துப் போயிருந்தது. இரும்புச் சத்து மரத்தில் ஊறினா அப்படித்தான் மை மாதிரி கறுக்கும். வெளிப் பட்டையிலிருந்து 17 அங்குலம் உள்ளே, நடு மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. அப்படின்னா அதை அடிச்சப்போ மரம் ஒரு ஆள் இரண்டு கையால் கட்டிப் பிடிக்கிற பருமன்தான் இருந்திருக்கும். உளியால் சுத்தம் பண்ணிப் பார்த்தோம். ஆணி இல்லை. கொக்கி. கொல்லன் பட்டறையில் அடிச்ச கொக்கி, நுனி சுருட்டி இருக்கு.

86 வயசுப் பாட்டி ஒருத்தர், கோயில்ல பூக்கட்டிக் கொடுப்பாங்களே, பழைய ஆளுங்களுக்கு யாருன்னு தெரியும். கண் பார்வை மங்கல். பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து, விரலால் தடவிப் பார்த்தாங்க.

"பெரட்டு லாந்தர் கொக்கிப்பா"ன்னாங்க.

விளக்கில்லாத காலம். கிராணி பேர் படிக்க வெளிச்சம் வேணும். மரத்தில் கொக்கி அடிச்சு மண்ணெண்ணெய் லாந்தர் மாட்டுவாங்களாம். பாட்டி பார்த்தப்போவே கொக்கி பாதி மரத்துக்குள்ளே போயிருந்ததாம், அப்புறம் பக்கத்தில் கம்பம் நட்டு விளக்கை அதுக்கு மாத்தினாங்களாம். "எங்கப்பா பேரை அந்த வெளக்குலதான் கடைசியா படிச்சாங்களாம். அம்மா சொல்லுவா. ஜப்பான்காரன் லோரி கொண்டாந்து நிறுத்திட்டு, பெரட்டுல நின்ன ஆம்பளைங்கள அப்படியே ஏத்திக்கிட்டுப் போயிட்டான். சயாமுக்கு." பாட்டிக்கு அப்போ நாலு வயசோ ஐஞ்சு வயசோ. அப்பா முகம் ஞாபகம் இல்லையாம். ஒரு போட்டோவும் கிடையாது.

சயாம் மரண ரயில் பத்திப் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. 1942, 43-ல் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைக் கொண்டு போனாங்க, நிறைய பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போயிட்டாங்க. நம்ம தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனாங்கன்னு எழுதி வச்ச கணக்கு இல்லை. பாட்டி கொஞ்ச நேரம் பலகை மேலே கையை வச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "இதை விக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு, பூக்கட்டப் போயிட்டாங்க. நாங்க அன்னிக்கு அதோட வேலையை நிறுத்திட்டோம்.

மீதி அறுப்பு ஓடிப்போச்சு. மில்லில் ஏத்தின துண்டெல்லாம் வெண்ணெய் மாதிரி போச்சு, இரண்டு வாள்தான் உடைஞ்சது. ரேகை பின்னிக்கிட்டு இருக்கிற மரம், வேகமாக அறுத்தா வாள் அலையும், அதனால் நிதானமாக ஓட்டினோம். ஐந்து ஞாயித்துக்கிழமையில் 41 பலகை. வால்நட் அறுக்கிறவங்க பலகையை நீராவியில் வச்சு வைரத்து நிறத்தை வெளிமரத்துக்கும் ஏத்துவாங்க, ஒரே நிறமாக விக்கலாம்னு. நமக்கு அது வேண்டாம். மஞ்சள் ஓரம் அப்படியே இருக்கட்டும், அழகுதான். வெளிமரத்தில் வண்டு விழாமல் இருக்க போராக்ஸ் கலவை இரண்டு கோட் அடிச்சிருக்கோம். பலகைக்குப் பலகை ஓரங்குல இடைக்கட்டை வச்சு, ஒண்ணரை அடிக்கு ஒண்ணா, மேலேருந்து கீழே வரை ஒரே நேர்கோட்டில் அடுக்கியிருக்கு. மேலே கான்கிரீட் கல் பாரம். இந்த மரத்தில் ஒரு நல்ல குணம், காயும்போது ரொம்பச் சுருங்காது. ரப்பர் மரம் இப்படி இருந்திருந்தா என் தலைமுடி இவ்வளவு நரைச்சிருக்காது. ஈரமானி இப்போ 28 காட்டுது. நம்ம காத்தில் எவ்வளவு காஞ்சாலும் 15, 16-க்குக் கீழே இறங்காது. அதுவரை வந்ததும் எங்க தொழிற்சாலைச் சூளையில் வச்சுக்க முதலாளி ஒத்துக்கிட்டார். காசு வேண்டாம்னுட்டார். ஒரு வருஷமாவது ஆகும். அவசரப்படுத்தாதீங்க.

இப்போ வழக்கு நடுப்பலகைக்குத்தான். 9 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலம், கொக்கி உள்ள பலகை. படத்தைப் பார்த்துட்டு கோலாலம்பூரிலிருந்து ஒருத்தர் 7,000 வெள்ளிக்குக் கேட்டார். இன்னொரு தம்பி, நடுவில் நீல எப்பாக்சி ஊத்தி ஆறு ஓடற மாதிரி மேசை செஞ்சு விஐபி அறையில் போடலாம்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம கோயில்ல விஐபி அறை எங்கே இருக்கு தம்பி? 

தொழில் தெரிஞ்சவனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பலகையில் மரத்தோட நடு மையம் ஓடுது. மையம் உள்ள பலகை நெடுக்கே வெடிக்கும், இந்த ஜாதி மரமானாலும் வெடிக்கும். இப்பவே ஒரு முனையில் மயிரிழை விட்டிருக்கு. மேசைக்கு அதைவிட மத்த இரண்டு அகலப் பலகைதான் நல்லது. வாங்கறவருக்கு அதைச் சொல்லாமல் விக்கிறது நியாயமில்லை, சொன்னா அவர் 7,000 கொடுக்க மாட்டார். ஆக, பணக் கணக்குப் பார்த்தாலும் அது நம்ம கிட்ட இருக்க வேண்டியதுதான். வெடிப்பு ஓடற இடத்தில் குறுக்கே புறாவால் கட்டை வச்சு இறுக்கி நிறுத்திடலாம், அதை நான் பார்த்துக்கறேன். 

அதை எங்கே வைக்கிறதுன்னுதான் இன்னும் முடிவாகலை. புது நிலத்தில் இந்த ஜாதி மரம் நட முடியாது, குடை நூறடி விரியும், நம்ம நிலமே தொண்ணூறடிதான். முனீஸ்வரருக்குப் பக்கத்தில் வேப்பங்கன்று நடுறதாகப் பேச்சு. பலகையை முனி மேடைக்குப் பின்னால் நிறுத்தலாம்னு பூசாரி ஐயா சொல்றார். சாப்பாட்டுக் கூடத்தில் நின்னவாக்கில் மாட்டி, கொக்கியில் ஒரு லாந்தர் தொங்கவிடலாம்னு இளைஞர் அணி சொல்றாங்க, பாதி அறுபட்ட கொக்கி அதைத் தாங்குமான்னு நான்தான் பார்த்துச் சொல்லணும். பாட்டிகிட்டே கேட்டோம். "சனங்க கைபடற எடத்துல வைங்க"ன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமா எடுத்துக்கிட்டாங்க. அடுத்த மாசப் பொதுக்கூட்டத்தில் பேசுவோம், வாங்க.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்குப் பலகையை மேல் அடுக்கு கீழே, கீழ் அடுக்கு மேலே மாத்தி அடுக்கணும். எட்டு ஆம்பிளை வேணும். ஷூ, கையுறை கட்டாயம், சிலிப்பர் போட்டு வந்தா முன்ன மாதிரிதான், திருப்பி அனுப்பிடுவேன். மத்தியானச் சாப்பாடு அங்கேயே, சாம்பாரும் நெத்திலிக் கருவாடு இல்லாத இரண்டு கறியும்.

இன்னொண்ணு. பிஸ்கட் டின்னில் ஒரு சாமான் இருக்கு, யாராலும் சொல்ல முடியலை. உள்ளங்கை நீளத் தகரம், ஒரு முனையில் ஓட்டை, அதில் 114-ன்னு எண் அடிச்சிருக்கு. வாளி எண்ணா, லயத்து வீட்டு எண்ணா, ஆள் எண்ணா தெரியலை. படம் கீழே போட்டிருக்கேன். வீட்டில் தோட்டத்து ஆளுங்க யாராவது பெரியவங்க இருந்தா காட்டிக் கேட்டுச் சொல்லுங்க. கண் தெரியாதவங்களா இருந்தா ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க, கையில் கொடுத்துப் பார்ப்போம்.